நாலு எல்லையும் எழுதினேன்

எண்பத்தேழாம் ஆண்டு ஒக்டோபரில் இங்கே ஒரு பெருங்காற்று அடித்தது. லண்டன்காரர்கள் காற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இன்றைக்கும் அங்கேதான் வந்து நிற்பார்கள். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவு வேலி, காலையில் நான் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தபோது மல்லாந்து கிடந்தது. அதை வேலி என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஆறடிப் பலகைத் தட்டிகள், இடையிடையே செத்த மரத்தூண்கள். ஒரு கதியால் கிடையாது, பின்னிய தென்னோலைக் கிடுகு ஒன்று கிடையாது. இருந்தாலும் எங்கள் வளவும் பக்கத்து வீட்டு மிசிஸ் லாங்லியின் வளவும் ஒன்றாகிக் கிடந்ததைக் கண்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காணி என்னுடையதல்ல. வீட்டுக்காரர் ஒரு குஜராத்தி, வெம்பிளியில் இருந்தார். ஆனால் வேலி விழுந்தால் யாருடைய வேலி என்று கேட்டுவிட்டா யாழ்ப்பாணத்தான் பதறுவான்? சப்பாத்துக்கூடப் போடாமல் இறங்கிப் போய், தூண்கள் நின்ற நாலு குழிகளிலும் ஒவ்வொரு செங்கல்லை வைத்து அடையாளம் போட்ட பிறகுதான் முகம் கழுவினேன்.

மிசிஸ் லாங்லிக்கு எழுபது வயதிருக்கும், தனிமனுஷி. "கவலைப்படாதீர்கள், இந்தப் பக்கத்து வேலி என்னுடையது. சனிக்கிழமை ஆள் வந்து போடுவான்" என்று சொன்னார். வேலி என்னுடையது என்ற இந்த ஒரு வசனத்தில் தொடங்கிய வழக்குகள் எங்கள் ஊரில் எத்தனை என்று அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கோட்டுப் பையில் அளவு நாடாவோடு வளவில் போய் நின்றேன். அவர் அதை உதவிக்கு வந்து நிற்பதாக எடுத்துக்கொண்டார். இரண்டு தரம் தேத்தண்ணீர் வந்தது, பிஸ்கட்டும் வந்தது. வந்த ஆள் என் செங்கற்களைத் தூக்கி வீசிவிட்டு அதே குழிகளில் அதே இடத்தில் தூண்களை நட்டான். ஒரு அங்குலம் அங்காலும் இல்லை, இங்காலும் இல்லை. "குளிருக்குள் துணைக்கு நின்றீர்களே, உங்களைப் போல அயலவர் கிடைப்பது பாக்கியம்" என்றார் அந்த மனுஷி. எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. என் மனைவி சரோசா எல்லாவற்றையும் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது, மூன்று கிழமையாக ஒரு கடிதமும் இல்லை. நான் உள்ளே வந்ததும் சொன்னாள்: "அங்க ஊர் பத்தி எரியுது. நீங்கள் இஞ்ச ஆற்றையோ வேலிக்குக் காவல் நிக்கிறியள்."

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் ஏன் அப்படி நின்றேன் என்று விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வேலி உயிருள்ளது. கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை என்று தடி வெட்டி நட்டால் அது வேர்விட்டுத் தழைக்கும், அதுதான் கதியால். வருடா வருடம் வேலி அடைக்கும்போது பட்ட கதியாலைப் பிடுங்கிப் புதியதை நடுவோம். அப்போது கை கொஞ்சம் பக்கத்துக் காணிப் பக்கம் சாயும். பத்து வருடத்தில் ஒரு முழம் போய்விடும். என் ஐயாவும் பெரியப்பாவும் நாலு அங்குலத்துக்காகப் பதினொரு வருடம் முகம் பார்க்கவில்லை. நான் சுன்னாகத்தில் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவன். காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், எழுதுவதுதான் தொழில். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நாலு எல்லையும் எழுதி, இவ்வெல்லைக்குட்பட்ட நிலமும் வீடும் கிணறும் பயன்தரு மரங்களும் முழுவதும் என்று முடிக்காவிட்டால் அது உறுதியே இல்லை என்று என் நொத்தாரிசு சொல்லுவார். ஆயிரம் உறுதியாவது எழுதியிருப்பேன், என் எழுத்தில் குறை கண்டு ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையோடுதான் எண்பத்தைந்தில் லண்டனில் வந்து இறங்கினேன். இறங்கி ஒரு மாதத்தில் கையில் தரை துடைக்கிற மொப்பு ஒன்றைக் கொடுத்தார்கள்.

லண்டன் நடுவில் சிற்றி என்ற பகுதியில் ஒரு பெரிய கந்தோர்க் கட்டடம், மாடிக்கு மாடி அலுவலகங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் கிளீனிங் ஷிப்ட். அங்கேதான் எவெலியோவைச் சந்தித்தேன். எல் சல்வடோர் நாட்டுக்காரர், என்னைவிட மூன்று நாலு வயது இளையவர், கட்டையான உடம்பு, நாடிக்குக் கீழே ஒரு வெட்டுத் தழும்பு. மூன்றாம் மாடியில் அவர் ஒரு கரை, நான் மறுகரை. வேலிக் கதையை அடுத்த திங்கட்கிழமை அவரிடம் சொன்னேன். அதுவரை நான் அதைச் சொன்ன இடமெல்லாம் சனம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. எவெலியோ மட்டும் மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் தகப்பனும் அப்படித்தான் என்றார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது முறிந்த இங்கிலீசுதான். ஆனால் அவர் பேசுவது என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது, ஆகவே அப்படியே எழுதுகிறேன். "உங்கட ஊரிலயும் தடி நட்டா முளைக்குமோ?" என்று கேட்டார். முளைக்கும் என்றேன். தேத்தண்ணீர் இடைவேளையில் ஒரு கடதாசிப் பையில் இலையையும் பூவையும் கீறிக் காட்டினார். ஈர்க்கின் இரு பக்கமும் சோடி சோடியாக இலை, தை மாசியில் இலையெல்லாம் கொட்டித் தடி முழுக்க இளஞ்சிவப்புப் பூ. அவர்கள் அதற்குச் சொல்லும் பெயர் மாத்ரே-ககாவோ. அது எங்கள் சீமைக்கிளுவை. பிறகு நூலகத்தில் ஒரு மரப் புத்தகத்தைப் புரட்டினேன், அந்த மரம் அவர்களுடைய மண்ணில் இருந்துதான் எங்கள் பக்கம் வந்தது என்று போட்டிருந்தது. சீமை என்று பெயர் வைத்தவர்களுக்கு அது எந்தச் சீமை என்று தெரிந்திருக்காது. எனக்கு அந்தச் சீமைக்காரர் பக்கத்தில் நின்று கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம், எவெலியோவின் ஊரை நான் காதால் நடந்து பார்த்தேன். சலத்தெனாங்கோ என்ற மாவட்டத்தின் வட அந்தலை அது. செங்குத்தான சரிவுகளில் சோளம் போடுவார்கள். ஏர் பிடிக்க ஏலாத நிலம், கூரான தடியால் குத்திக் குழிக்கு நாலு விதை போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு மேலே ஏறுவார்கள். கதிர் முற்றினதும் ஒவ்வொரு தண்டையும் நடுவில் மடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார்களாம். மழை கதிருக்குள் இறங்காது, பயற்றங்கொடிக்கும் ஏறிப் படரக் கொம்பாகிவிடும். அதைச் சொல்லும்போது மொப்புத் தடியை மடிப்பதுபோலக் கையைக் காட்டுவார். அவர் வீட்டுக்கு வடக்கே ஓர் ஓடை. வீடு ஓடைக்கு இந்தப் பக்கம், சோளக்காணி ஓடைக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஹொண்டூராஸ் என்று சொன்னார்கள். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்துத் துண்டுகளுக்கு இரண்டு நாடும் நூறு வருடத்துக்கு மேலாக உரிமை கேட்டு இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தன. ஊர்ச் சனத்துக்கு அதில் அக்கறை இல்லை. காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய், மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தார்கள். ஞானப் பெற்றோர் அந்தக் கரையில், பிள்ளை இந்தக் கரையில். ஓடையின் இரு கரையிலும் அதே மரத்து வேலி.

எண்பதாம் ஆண்டு அவருடைய நாட்டு ஆமி அந்த மலைகளைத் துப்புரவாக்க வந்தது. ஊர் ஓடையைக் கடந்து ஓடியது. வீடு எரிந்தது. ஹொண்டூராஸ் பக்கம் இருந்த முகாமில் அவருடைய மனைவி காய்ச்சலில் செத்துப்போனார். கைக்குழந்தை மரீனா, எவெலியோவின் தங்கையிடம் வளர்ந்தாள். எவெலியோவின் பெயர் ஆமியின் பட்டியலில் இருந்ததால் ஒரு பாதிரியார் எண்பத்து நாலில் அவரை வெளியே எடுத்து லண்டனுக்கு அனுப்பினார். அப்போது மரீனாவுக்கு ஐந்து வயது. முகாம் கலைந்து சனம் திரும்பியபோது தங்கையும் போனாள், ஆனால் எரிந்த வீட்டில் போய் இருக்கப் பயம். ஆமி வீடிருந்த கரைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. அதனால் ஓடைக்கு அந்தப் பக்கம் சோளக்காணிக்குள், தடி ஊன்றிப் பிளாஸ்ரிக் விரிப்புப் போட்ட கொட்டிலில் பிள்ளையோடு இருந்தாள். எவெலியோவுக்கு இங்கே அகதி அந்தஸ்துக் கிடைக்கவில்லை, இடைக்கிடை புதுப்பிக்கிற தங்கும் அனுமதிதான். அந்த அனுமதிக்காரர் பிள்ளையைக் கூப்பிடுவதென்றால் விசேட காரணம் காட்ட வேண்டும். மரீனாவைக் கூப்பிட வேண்டும், அவள் தன்னை மறக்க முன்னம் கூப்பிட வேண்டும், இந்த ஒரு எண்ணத்தில்தான் அந்த மனிதன் விடிய ஐந்து மணிக்கு எழும்பினார்.

தொண்ணூற்றொன்றில் விண்ணப்பம் போட நேரம் வந்தது. இலவச சட்ட உதவி நிலையத்தில் வரிசை நீளம், முறை வர மாதக்கணக்காகும் என்றார்கள். "தொன் ராஜா, நீர் உங்கட ஊரில சட்டக் கடதாசி எழுதினனீர்தானே, நீர் எழுதித் தாரும்" என்று எவெலியோ கேட்டபோது எனக்கு ஒரு சாண் வளர்ந்ததுபோல இருந்தது. தொன் என்பது அவர்கள் மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் வைப்பது. ஆறு வருடம் மொப்புப் பிடித்த கையை ஒருவர் நொத்தாரிசுக் கை என்று நம்பிக் கேட்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வரச் சொன்னேன். சரோசா இடியப்பம் அவித்தாள். ஈஸ்ட் ஹாமில் பழைய சாமான் கடையில் வாங்கிய தட்டச்சு மெஷினைக் குசினி மேசையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஊரில் கட்சிக்காரரைக் கேட்பதுபோலவே அவரைக் கேட்டேன். பிள்ளை எங்கே வசிக்கிறது? அது யாருடைய காணி? கிழக்கே யார்?

எவெலியோ தயங்கினார். "வீடு ஓடைக்கு இந்தப் பக்கம், அது எரிஞ்சு போச்சு, பிள்ளைக்கு வீடில்லை. அவ்வளவு எழுதினாக் காணும். அந்தப் பக்கத்தை எழுத வேண்டாம்."

"எழுதாமல் விட ஏலாது. பிள்ளை இருக்கிற இடத்தை மறைச்சா முழுக் கடதாசியும் பொய்யெண்டு சொல்லுவாங்கள். எல்லை விட்ட உறுதி செல்லாது."

"உது உறுதி இல்லை, அமீகோ. இது என்ர பிள்ளை."

"எனக்குத் தெரியும். நீர் சும்மா இரும்" என்றேன். அந்தச் 'சும்மா இரும்' இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். நான் மெஷினில் அடித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: மேற்படி பிள்ளை மரீனா, மேற்படி ஓடைக்கு வடக்கே, ஹொண்டூராஸ் நாட்டில், விண்ணப்பதாரிக்குப் பாத்தியமான சோளக்காணியில், விண்ணப்பதாரியின் சகோதரியோடு வசித்து வருகிறது. மேற்படி காணிக்கு எல்லை: கிழக்கு தோமாஸ் என்பவரின் காணி, வடக்கு காடு, மேற்கு வண்டிப்பாதை, தெற்கு ஓடை. இவ்வெல்லைக்குட்பட்ட நிலமும் வீடும் கிணறும் பயன்தரு மரங்களும் முழுவதும். வீடு என்பது பிளாஸ்ரிக் விரிப்பு. கிணறு என்பது ஓடைக்கரையில் தோண்டிய ஒரு பள்ளம். மரங்கள் என்று எதுவுமே இல்லை, வேலித் தடிகளைத் தவிர. ஆனால் விரல் பழகிய வசனம், தானாக ஓடிவிட்டது. அதைவிடப் பெரிய பிழை வேறொன்று. பிள்ளை ஏன் அந்தக் கரையில் இருக்கிறது என்று நான் எழுதவில்லை. உறுதியில் எங்கே, யாருக்கு, எவ்வளவு என்பதற்கெல்லாம் இடமுண்டு. ஏன் என்பதற்கு இடமில்லை. எனக்கு அது நினைவிலேயே வரவில்லை. முடித்ததும் கடதாசியை உருவி எடுத்து, தூரப் பிடித்து, நல்லாய் வந்திருக்கு என்று நானே சொன்னேன்.

தொண்ணூற்றிரண்டு தையில், அவருடைய நாட்டில் சமாதானம் கையெழுத்தான அதே மாதத்தில், பதில் வந்தது. எவெலியோ அதை வேலைக்குக் கொண்டுவந்தார். லிப்டுக்குப் பக்கத்தில் நின்று நான் வாசித்தேன். பிள்ளை வேறொரு நாட்டில், நெருங்கிய உறவினரின் பராமரிப்பில், தந்தைக்கு உரிமையுள்ள நிலத்தில் வசிக்கிறது, அங்கே வீடும் கிணறும் பயன்தரு மரங்களும் உள்ளன, ஆகவே விசேட காரணம் எதுவும் காணப்படவில்லை. என் வசனம். நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல அதை ஒவ்வொரு சொல்லாக அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கத்தவில்லை. வாளியில் மொப்பைப் பிழிந்து முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். "என்ர காணியை விக்கிறதுக்கு எழுதின மாதிரியெல்லோ எழுதிப்போட்டீர்." அதன் பிறகு நாலு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. காலையில் தலையை மட்டும் ஆட்டுவார். நான் ஐந்தாம் மாடிக்கு மாற்றம் கேட்டு வாங்கினேன். வீட்டில் சரோசா அதைப் பற்றி ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். "அந்தாள் வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல எழுதினனீங்கள். நான் இடியப்பத் தட்டோட நிண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்."

மேன்முறையீடு போட்டார். இந்தத் தடவை சட்ட உதவி நிலையத்தில் ஒரு பொம்பிளை சட்டத்தரணி எடுத்துச் செய்தார். பிள்ளை பயத்தில்தான் ஓடையைக் கடந்து கிடக்கிறது என்று அவர் விளங்கப்படுத்தி எழுதினார். அதுதான் உண்மை. ஆனால் இரண்டாவதாகச் சொன்ன உண்மை, முதலில் எழுதிய கடதாசிக்கு முன்னால் பின்னர் சோடித்த கதை மாதிரி நின்றது. அதற்கிடையில் செப்ரெம்பர் மாதம் இன்னொன்று நடந்தது. இரு நாடுகளும் நெதர்லாந்தில் உள்ள பெரிய நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்த எல்லை வழக்கில் தீர்ப்பு வந்தது. இழுபறிப்பட்ட துண்டுகளில் பெரும்பங்கு ஹொண்டூராஸுக்குப் போனது. எவெலியோவின் ஊர்த் துண்டும் அதில் ஒன்று. எரிந்த வீட்டுக் காணியும், பிறந்த இடமும், மனைவியைத் தாலி கட்டிக் கூட்டிவந்த (தாலி என்றுதான் எழுத வருகிறது எனக்கு, அவர்களுக்குத் தாலி இல்லை) அந்தச் சின்னக் கோயிலும், எல்லாம் வேறு நாடு. ஒருவரும் ஓர் அடி நகரவில்லை. பத்து வருடத்துக்கு ஒரு முழம் நகர்த்திய எங்கள் ஊர்க்காரர் இதைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும்.

விசாரணை நாளில் நானும் சாட்சிக்குப் போனேன். பிழை என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கிழமையாக இங்கிலீசில் பாடமாக்கியிருந்தேன். விசாரிக்கிறவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "இதில் எழுதியிருப்பது பொய்யா?" என்று கேட்டார். இல்லை, பொய்யில்லை என்றேன். "விண்ணப்பதாரி சொல்லாததை நீங்கள் எழுதினீர்களா?" காணியின் நாலு பக்கத்தையும் அவர்தான் சொன்னார் என்றேன். "அப்படியானால் என்ன பிழை?" எங்கள் ஊரில் கடதாசி எழுதும் வழக்கம் அப்படி, வீடு என்றால் வீடு இருக்க வேண்டும் என்றில்லை, மரம் என்றால் மரம் இருக்க வேண்டும் என்றில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவர் பேனையை மூடிவிட்டு, மிகப் பொறுமையாக, "உங்கள் ஊரில் இல்லாத வீட்டை இருக்கிறது என்று எழுதுவீர்களா?" என்றார். சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டார். விசாரித்தவர் என்னைக் கள்ளன் என்று நினைத்தாரா, பைத்தியம் என்று நினைத்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று.

தொண்ணூற்று மூன்று சித்திரையில் எவெலியோ திரும்பிப் போகத் தீர்மானித்தார். "பிள்ளை வராட்டி நான் போறன்" என்று சட்டத்தரணிக்குச் சொன்னாராம். போக முதல் நாள் மிச்சம் பகுதிக்கு வந்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறினார். சரோசா மீண்டும் இடியப்பம் அவித்தாள், நான் வேறு ஏதாவது அவிக்கச் சொல்லியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டு வளவில் இறங்கி, மிசிஸ் லாங்லியின் பலகை வேலியைக் கையால் தட்டிப் பார்த்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான். "எந்த நாட்டுப் பாஸ்போட்டில போறீர்?" என்று மட்டும் கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "பழையதிலதான். அங்க போய்த்தான் பாக்க வேணும், யாரெண்டு சொல்லுறாங்களெண்டு." வாசலில் கை கொடுத்தபோது என் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் வந்துவிட்டது.

போன வருடம், அதாவது தொண்ணூற்றாறு கடைசியில், ஒரு கடிதம் வந்தது. ஸ்பானிஷ் எழுத்து. வேலையில் கொலம்பியக்காரப் பிள்ளை ஒருத்தி வாசித்துச் சொன்னாள். உள்ளே ஒரு படம் இருந்தது. இளஞ்சிவப்புப் பூத்த வேலிக்குப் பக்கத்தில், புதிதாக வெட்டிய கதியால் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு குமர்ப்பிள்ளை நிற்கிறாள். மரீனா. பதினேழு வயது. தகப்பனின் கட்டை உடம்பு, படம் எடுப்பவரை நம்பாத கண். கடிதத்தில் எவெலியோ எழுதியிருந்தது இது. எரிந்த இடத்தில் வீடு கட்டியாயிற்று. மகள் முதல் ஆறு மாதம் தன்னை அப்பா என்று கூப்பிடவில்லை, இப்போது கூப்பிடுகிறாள். எல்லை அளக்க ஆட்கள் வந்தார்கள், வீட்டுக் காணியின் தெற்கு வேலியைக் காட்டி, இதுதான் கோடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தூண் எப்போது நடுவார்களோ தெரியாது. தன் பழைய கடதாசி ஒன்றும் அங்கே செல்லுபடியில்லை, புதியது தர இரண்டு நாட்டுக் கந்தோரும் மற்றவரிடம் போகச் சொல்கின்றன. பிறகு இந்த வரி: "தொன் ராஜா, நீர் எழுதினது இப்ப சரியாப் போச்சு. முழுதும் அந்தப் பக்கம்தான். மரீனாவுக்கு வீட்டுக் காணிக்கு ஒரு கடதாசி எழுதி அனுப்பும். இஞ்ச ஒருத்தர் ஸ்பானிஷில மாத்தித் தருவார். செல்லுமோ செல்லாதோ, பிள்ளையின்ர கையில ஒண்டு இருக்கட்டும். இந்த முறை ஏன் எண்டதையும் எழுதும்." வாசித்துச் சொன்ன பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கன்ரீன் மேசையில் முகத்தை வைத்து அழுதேன், நாற்பத்தொன்பது வயது மனிதன், பட்டப்பகலில்.

அடுத்த ஞாயிறு காலை மெஷினை மேசையில் வைத்தேன். முதலில் ஏன் என்பதை எழுதினேன். ஆமி வந்தது, வீடு எரிந்தது, தாய் முகாமில் செத்தது, பிள்ளை ஓடையைக் கடந்து பிளாஸ்ரிக் விரிப்பின் கீழ் வளர்ந்தது, தகப்பன் ஒன்பது வருடம் லண்டனில் தரை துடைத்தது, ஒரு கிளாக்கர் பிழையாக எழுதியது. உறுதியில் என்னைப் பற்றி நானே எழுதியது அதுதான் முதல் தடவை. பிறகு, ஓடைக்குத் தெற்கே இருக்கிற வீட்டுக் காணியின் எல்லைக்கு வந்தேன். கிழக்கு: தோமாஸின் காணி. வடக்கு: ஓடை. மேற்கு: வண்டிப்பாதை. தெற்கு என்று அடித்துவிட்டு விரல் நின்றுவிட்டது. தெற்கு வேலிக்கு அங்கால் இப்போது யார் இருக்கிறார்? கடிதத்தைத் திரும்பப் பார்த்தேன். வேறு வழியில்லை. தெற்கு: எல் சல்வடோர். அந்த மனிதன் எந்த நாட்டின் ஆமிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினாரோ, அந்த நாடு, ஊரில் எங்கள் அயல் கந்தையாவின் காணி, அங்கே தோமாஸின் காணி என்பதுபோல ஓர் அயல் எல்லையாக அந்த வரியில் கிடந்தது.

சரோசா என் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டு நின்றாள். இங்கிலீசு அவளுக்கு மெதுவாகத்தான் வரும். முடிந்ததும், "எங்கட காணிக்கு இண்டைக்கு எழுதினா என்ன எழுதுவியள்?" என்று கேட்டாள். எங்கள் காணி பலாலிப் பக்கம். எனக்கு அது கேள்வியே இல்லை, நித்திரையில் எழுப்பினாலும் சொல்லுவேன். கிழக்கு கந்தையா என்றேன். "கந்தையா அண்ணை ஆக்கள் டொரொண்டோவில." மேற்கு பெரியப்பாவின் பங்கு. "அவையின்ர மூத்தவன் பாரிஸ், இளையவன் ஈஸ்ட் ஹாம். போன மாதம் கலியாணத்தில அவனோட கதைச்சனீங்கள்." தெற்கு ஒழுங்கை. ஒழுங்கை இருக்குதோ எண்டு சொல்ல ஆரிருக்கினம் என்றாள். வடக்கு, என்று நான் தொடங்க, "வடக்கை விடுங்கோ, அது ஆமி" என்றுவிட்டுப் போய் அடுப்பை நிற்பாட்டினாள். பலாலி ஆமி முகாமைச் சுற்றி எல்லாம் பாதுகாப்பு வலயம், தொண்ணூறாம் ஆண்டிலிருந்து அங்கே யாரும் கால் வைக்க ஏலாது. நாலு அங்குலத்துக்காகப் பதினொரு வருடம் அடிபட்ட வேலியை இப்போது விறகுக்கு வெட்டியிருப்பார்கள், அல்லது அடைப்பார் இல்லாமல் கதியால் எல்லாம் மரமாகிப் போயிருக்கும்.

எவெலியோவின் கடதாசியில் சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, மடித்து, உறையில் வைத்தேன். கடதாசியில் காணி எந்த நாடு என்று எழுத வேண்டிய வரியில் பழைய மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மீதியை வெறுமையாக விட்டிருந்தேன். என் ஆயுளில் இடம் விட்டு எழுதிய முதல் உறுதி. உறையை மிசிஸ் லாங்லி தபாலில் போடுகிறேன் என்று வேலிக்கு மேலால் வாங்கிக்கொண்டார், அவர் எப்படியும் அந்தப் பக்கம்தான் போகிறாராம். அவர் போன பிறகு புதிய தாள் ஒன்றை மெஷினில் செருகினேன். எங்கள் காணிக்கும் ஒன்று எழுதிவைப்போம் என்று நினைத்தேன். அந்தத் தாள் இரண்டு மாதமாக அதிலேயே இருக்கிறது. கிழக்கு என்று மட்டும் அடித்திருக்கிறேன்.